கடை சாத்திய பிறகு யார் பேசுவது?

மனிதர்கள் சாவதற்கு அலுவலக நேரம் பார்ப்பதில்லை. பாதி ராத்திரியில் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை போவார்கள், பண்டிகை நாளாகப் பார்த்துச் சொல்லிவைத்தாற்போல் போவார்கள். இதை நம்பியே பிழைப்பு நடத்தியவர், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்துகொண்டிருந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர். காலம் 1880களின் கடைசி. ஊருக்குத் தொலைபேசி வந்துவிட்டது. ஆனால் சுழற்றுவதற்கு எண் வட்டு கிடையாது. குழலைக் காதில் வைத்தால் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் "யார் வேண்டும்?" என்பார். அழுதுகொண்டே "சவப்பெட்டிக்காரர்" என்று சொன்னால் போதும், எந்தக் கடை என்பதை அந்த அம்மாளே முடிவு செய்து கம்பியைச் செருகிவிடுவார்.

அந்த அம்மாள் போட்டிக் கடைக்காரரின் மனைவி என்பது கதை. ஸ்ட்ரோஜரைப் பெயர் சொல்லிக் கேட்டவர்களையும் தன் வீட்டுக்காரரிடமே தள்ளிவிட்டாராம். ஸ்ட்ரோஜர் கடையில் மணி அடிக்கவே இல்லை. ஊரில் மட்டும் ஆட்கள் வழக்கம்போல் செத்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசித் துறையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் இந்தக் கதை கோர்ட்டில் நிற்காது, டீக்கடையில் நிற்கும். அடுத்து நடந்ததற்கு ஆவணம் இருக்கிறது. நடுவில் ஆளே இல்லாமல் தானாக இணைப்பு கொடுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு 1891 மார்ச்சில் ஸ்ட்ரோஜருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1892 நவம்பரில் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் அது ஓடத் தொடங்கியது. இந்தியாவிலும் வெகுகாலம் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது அவர் பெயர் தாங்கிய எக்ஸ்சேஞ்சுதான். ஒரு சவப்பெட்டி வியாபாரி வாடிக்கையாளர் விசாரணையைத் தவறவிட்ட ஆத்திரத்தில் உலகத்தின் தலையெழுத்தையே மாற்றியிருக்கிறார். இன்றைய விற்பனை மேலாளர்கள் அவர் படத்துக்கு மாலை போடாதது நன்றிகெட்டதனம்.

மணி இப்போது சரியான கடையில் அடிக்கிறது. கடைக்காரர் தூங்குகிறார். இதற்கு என்ன செய்வது?

கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த வால்டெமர் பௌல்சன் 1898-ல் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். எஃகுக் கம்பியில் காந்தத்தால் குரலைப் பதிவு செய்யும் டெலிகிராபோன். வீட்டில் ஆள் இல்லாதபோது வரும் செய்தியைப் பிடித்துவைப்பது அதற்கு அவர் யோசித்த வேலைகளில் ஒன்று. 1900-ல் பாரிஸ் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோனார். ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அதன் முன் நின்று சில வார்த்தை பேசினார். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. சக்கரவர்த்தியையே இயந்திரத்திடம் பேசிவிட்டுப் போகச் சொன்ன தொழில்நுட்பத்துக்கு, நாம் நள்ளிரவில் ஏசி சர்வீஸ் கேட்டு மெசேஜ் போடுவதெல்லாம் எம்மாத்திரம்?

பெட்டி வந்துவிட்டது, இனி வியாபாரிகள் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று நினைத்தால் தப்பு. தொலைபேசிக் கம்பெனிகள் தூங்கவிடவில்லை. பெல் ஆய்வகத்தில் கிளாரன்ஸ் ஹிக்மன் 1934-லேயே காந்த நாடாவில் பதிவு செய்யும் பதில் இயந்திரத்தைச் செய்துவிட்டார். அது நன்றாகவே வேலை செய்தது. ஆய்வகத்தின் முதலாளியான ஏடி அண்ட் டி அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. பல பத்தாண்டுகள் கழித்து மார்க் கிளார்க் என்ற வரலாற்றாய்வாளர் பழைய காகிதங்களைத் தோண்டியபோதுதான் காரணம் வெளியே வந்தது. பேசுவதெல்லாம் பதிவாகும் என்று தெரிந்தால் ஜனங்கள் தொலைபேசியில் பேசவே அஞ்சுவார்கள், வியாபாரிகள் வாக்குக் கொடுக்க யோசிப்பார்கள், ரகசியம் பேசுபவர்கள் நேரில் போய்விடுவார்கள், கம்பெனிக்கு வருமானம் போய்விடும் என்று பயம்.

இந்தப் பயத்தைப் பார்த்து நாம் சிரிக்கலாம். ஆனால் பயந்தவர்களுக்கு ஒரு விஷயம் சரியாகப் புரிந்திருந்தது. கடை சாத்திய பிறகு பேசும் பெட்டி, பேசியதற்குச் சாட்சியாகவும் இருக்கும். தொண்ணூறு வருஷம் கழித்து ஒரு விமான நிறுவனம் பணம் கட்டித் தெரிந்துகொண்ட பாடம் இது. அங்கே பிறகு வருவோம்.

இயந்திரத்தைப் பூட்டிவைத்துவிட்டதால் ராத்திரி வேலைக்கு ஆட்களே வேண்டியிருந்தது. நியூயார்க் மாதிரி நகரங்களில் ஆன்சரிங் சர்வீஸ் என்று ஒரு தொழில் செழித்தது. சுவிட்ச்போர்டு முன்னால் சில பெண்கள் உட்கார்ந்துகொண்டு, டாக்டர் சார்பாகவும் வக்கீல் சார்பாகவும் பிளம்பர் சார்பாகவும் ஒரே குரலில் பேசுவார்கள். யார் கூப்பிட்டார், எதற்குக் கூப்பிட்டார் என்று எழுதிவைப்பார்கள். இதில் ஒரு சின்னச் சிக்கல், எழுதுகிறவருக்குக் காதும் மனசும் உண்டு. 1956-ல் பிராட்வே மேடைக்கு வந்த 'பெல்ஸ் ஆர் ரிங்கிங்' என்ற இசை நாடகத்தின் கதையே அதுதான். ஆன்சரிங் சர்வீஸில் வேலை பார்க்கும் பெண், சந்தாதாரர்களின் வாழ்க்கையில் மூக்கை நுழைத்து, ஒருவரைக் காதலித்தும் விடுகிறாள். ஜூடி ஹாலிடே நடித்த இந்த நாடகம் சக்கைப்போடு போட்டது. கடைக்காரர்கள் ரசித்தார்களா என்பது வேறு. வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் வாங்கச் சொன்னால் இதயத்தை வாங்கிவரும் ஊழியருக்கு யார் சம்பளம் கொடுப்பார்?

காதலிக்காத, சம்பளம் கேட்காத, தூங்காத ஊழியர் வேண்டும். எம்.ஐ.டி.யில் அப்படி ஒருவர் பிறந்தார். பிறக்கவைத்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஜோசப் வைசன்பாம் பெர்லினில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பிச் சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். எலைசா என்ற அவருடைய நிரலைப் பற்றிய கட்டுரை 1966 ஜனவரியில் வெளிவந்தது. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மாலியன்' நாடகத்தில், சீமாட்டி மாதிரி பேசப் பழகும் பூக்காரப் பெண்ணின் பெயர் அது. அந்த நிரலுக்கு அவர் மனநல மருத்துவர் வேஷம் கட்டிவிட்டார். உலகத்தைப் பற்றி எதுவுமே தெரியாமல், எதிரே இருப்பவர் சொன்னதையே திருப்பிக் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டக்கூடிய தொழில் வேறு எது? நீங்கள் ஒரு வாக்கியம் தட்டினால் எலைசா அதில் தனக்குத் தெரிந்த சொல் இருக்கிறதா என்று தேடும். 'நான்' என்பதை 'நீங்கள்' ஆக்கும், கடைசியில் ஒரு கேள்விக்குறி போடும். ஒன்றும் சிக்காவிட்டால் "மேலே சொல்லுங்கள்" என்று சமாளிக்கும். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் பல பெரியவர்கள் இதே முறையில்தான் பேசுகிறார்கள். அவர்களை யாரும் செயற்கை நுண்ணறிவு என்று சொல்வதில்லை.

வைசன்பாமின் செயலாளருக்கு இந்த நிரல் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியும். பல மாதம் கூடவே இருந்து பார்த்தவர். அவரே அதனுடன் பேச உட்கார்ந்ததும், கொஞ்ச நேரத்தில் திரும்பி, "நீங்கள் சற்று வெளியே போகிறீர்களா?" என்று பேராசிரியரிடம் கேட்டார். அன்றிலிருந்து வைசன்பாமுக்குத் தன் பிள்ளையைக் கண்டாலே பயம். 1976-ல் கணினிகளிடம் எதையெல்லாம் ஒப்படைக்கக் கூடாது என்று ஒரு புத்தகமே எழுதினார். யாரும் கேட்கவில்லை.

ஆனால் சாட்பாட் சரித்திரத்தின் உண்மையான முதல் அத்தியாயம் அந்த அறையில் நடக்கவில்லை. எம்.ஐ.டி. இருக்கும் அதே கேம்பிரிட்ஜ் நகரில், பிபிஎன் என்று அழைக்கப்பட்ட போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் கம்பெனியில் நடந்தது. அங்கே எலைசாவின் ஒரு பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. டேனியல் பாப்ரோ அங்கே ஆராய்ச்சியாளர். அவர் 1968-ல் ஒரு கணினிச் சஞ்சிகையில் எழுதிவைத்த சம்பவம் இது.

வார இறுதி. அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. கம்பெனியின் துணைத் தலைவர் ஒருவர் கணினி அறைக்குள் வருகிறார். டெலிடைப் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. மறுமுனையில் வீட்டிலிருந்து பாப்ரோதான் பேசுகிறார் என்று அவருக்கு நினைப்பு. உண்மையில் ஓடிக்கொண்டிருந்தது எலைசா.

இன்று காலை கணினியைப் பயன்படுத்திக்கொண்டால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று துணைத் தலைவர் பணிவாகத் தட்டினார். ஆட்சேபம் உண்டா என்று ஏன் கேட்கிறீர்கள் என்று பதில் வந்தது. துணைத் தலைவர் புருவத்தை உயர்த்தி, என்ன அர்த்தத்தில் சொல்கிறீர்கள் என்றார். அதைப் பற்றி இன்னும் சொல்லுங்களேன் என்றது அது. கணினியைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று நேரடியாகக் கேட்டார். உங்களுக்கு உண்மையிலேயே அந்த ஆசை இருக்கிறதா என்று விசாரித்தது. ஆமாம். அது கிடைத்தால் உங்களுக்கு என்ன அர்த்தமாகும்? மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு, வரப்போகும் ஒரு வாடிக்கையாளருக்குச் செயல்விளக்கம் காட்ட வேண்டும் என்று விளக்கினார். இதைச் சொல்வதற்கு ஏதாவது விசேஷக் காரணம் உண்டா என்று எலைசா அக்கறையுடன் கேட்டது.

துணைத் தலைவர் பொறுமை இழந்தார். இந்த எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள் என்று தட்டிவிட்டு, ஆத்திரத்தில் வாக்கியத்தின் முடிவில் புள்ளி வைக்க மறந்துவிட்டார். புள்ளி வைத்தால்தான் வாக்கியம் முடிந்ததென்று எலைசாவுக்குத் தெரியும். எனவே அது மௌனமாக, நல்ல மருத்துவர் மாதிரி காத்திருந்தது. அந்த மௌனம்தான் அவரைக் கொன்றது. நேராக பாப்ரோவின் வீட்டுக்குப் போன் போட்டு, என்னிடம் எதற்கு இவ்வளவு திமிராகப் பேசுகிறீர் என்று எகிறினார். தூக்கக் கலக்கத்தில் போனை எடுத்த பாப்ரோவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்தச் சம்பவத்தை மனித-இயந்திர வேறுபாட்டுக்கு உதாரணமாகத் தத்துவவாதிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு இதில் வியாபாரம்தான் தெரிகிறது. விடுமுறை நாள், கடையில் ஆளில்லை, ஒருவர் வாடிக்கையாளர் விஷயமாக வருகிறார், பெட்டி பதில் சொல்கிறது, அவர் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்துக் கூப்பிடச் சொல்கிறார், யாரும் கூப்பிடவில்லை. இன்று உலகத்தின் எல்லா இணையதளங்களிலும் தினமும் நடப்பது இதுதான். வாங்க வரக்கூடியவரின் விசாரணையை வியாபார பாஷையில் லீட் என்பார்கள்; வேலை நேரத்துக்கு வெளியே சாட்பாட் பிடித்த ஆதிகால லீட்களில் ஒன்று, சொந்தக் கம்பெனியின் துணைத் தலைவர். அந்த லீடும் கை நழுவிப்போனது.

இதே பிபிஎன்னில் 1972 செப்டம்பரில் இன்னொரு கூத்து. ஸ்டான்ஃபோர்டில் கென்னத் கோல்பி என்ற மனநல மருத்துவர் பாரி என்று ஒரு நிரல் வைத்திருந்தார். சந்தேகப் பிராணி, குதிரைப் பந்தயம், சூதாட்டக் கும்பல், தன்னைத் துரத்தும் ஆட்கள் என்று புலம்பும். அதை இணையத்தின் தாத்தாவான ஆர்பாநெட் வழியாக பிபிஎன்னில் ஓடிய எலைசா மருத்துவரோடு பேசவிட்டார்கள். உரையாடலை வின்ட் செர்ஃப் 1973 ஜனவரியில் வெளியிட்டார். பைத்தியம் புலம்ப, டாக்டர் திருப்பிக் கேட்க, யார் சொன்னதும் யாருக்கும் புரியாமல் பேச்சு நடந்து முடிந்தது. விடைபெறும்போது டாக்டர் 399 டாலர் 29 சென்ட் கட்டணம் கேட்டது. பிரச்சினையைத் தீர்க்காமல் பில் மட்டும் சரியாகப் போடும் வாடிக்கையாளர் சேவைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

அப்புறம் இணையம் வந்தது, கடைகள் அதில் ஏறின. முதலில் 'தொடர்புக்கு' என்று ஒரு படிவம் வைத்தார்கள். நிரப்பினால் "விரைவில் உங்களைத் தொடர்புகொள்வோம்" என்று வரும். அந்த 'விரைவில்' எவ்வளவு நீளம் என்று அளந்தவர்கள் உண்டு. 2011-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ ஒரு கணக்கை வெளியிட்டது. அமெரிக்காவில் 2,241 கம்பெனிகளுக்கு இணையம் வழியாக விசாரணை அனுப்பிப் பார்த்ததில், ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொன்னவை 37 சதவீதம். ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டவை 24 சதவீதம். 23 சதவீதம் பதிலே போடவில்லை. அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் வாடிக்கையாளரைப் பிடித்த கம்பெனிகளுக்கு, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்தவற்றைவிட, முடிவெடுக்கும் ஆளோடு உருப்படியாகப் பேசும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு.

இதைப் படித்தால் பகலில் நாலு பேரை ஒழுங்காக வேலை பார்க்கச் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும். ராத்திரி தூங்கியதா குற்றம்? பகலிலும் தூங்கினார்களே! ஆனால் கம்பெனிகள் எடுத்துக்கொண்ட முடிவு வேறு: ஒரு பெட்டி வாங்கு.

பெட்டி ஏற்கெனவே தயாராக இருந்தது. 2001-ல் ஏஓஎல் மெசஞ்சரில் வந்த ஸ்மார்ட்டர்சைல்டு வானிலை சொன்னது, சினிமா நேரம் சொன்னது, கெட்ட வார்த்தையில் திட்டியவர்களிடம் மன்னிப்பும் கேட்கச் சொன்னது. சுயமரியாதையுள்ள கடைசி சாட்பாட் அதுவாகத்தான் இருக்க வேண்டும். 2016 ஏப்ரலில் பேஸ்புக் தன் மெசஞ்சரைக் கடைகளின் பாட்களுக்குத் திறந்துவிட்டது. அதன் பிறகு இணையதளத்தின் வலது கீழ் மூலையில் ஒரு வட்டம் முளைக்காத கம்பெனியே இல்லை என்றாகிவிட்டது. வட்டத்துக்குள் சிரிக்கும் பெண் படம். பக்கத்தில் பச்சைப் புள்ளி. ராத்திரி இரண்டு மணிக்கும் அவள் 'ஆன்லைன்'. எழுதிவைத்த பதிலை ஒரு நொடியில் தள்ளிவிட முடியும் என்றாலும், மூன்று புள்ளிகளைத் துள்ளவிட்டு யோசிப்பதுபோல் பாவனை செய்வாள். நீங்கள் விலை கேட்பீர்கள்; அவள் பெயர் கேட்பாள். விலை கேட்பீர்கள்; போன் நம்பர் கேட்பாள். விலை கேட்பீர்கள்; மின்னஞ்சல் கேட்பாள். எல்லாம் வாங்கிக்கொண்டு, "எங்கள் குழு காலையில் தொடர்புகொள்ளும்" என்பாள்.

கேலியாகச் சொன்னாலும், ஒரு விஷயத்தில் நான் அவள் கட்சி. இது வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் வேலை. யார் வந்தார், எதற்கு வந்தார், எங்கே கூப்பிட வேண்டும் என்று நோட்டில் எழுதிவைக்க வேண்டும். ராத்திரி வருபவருக்கும் அதற்குமேல் எதிர்பார்ப்பு கிடையாது. குழாய் உடைந்தவருக்கு, தான் சொன்னது எங்கோ பதிவாகிவிட்டது என்று தெரிந்தாலே பாதித் தூக்கம் வந்துவிடும். மீதிப் பாதி காலையில் யாராவது அந்த நோட்டைத் திறந்து பார்ப்பதில் இருக்கிறது. வாட்ச்மேனைக் கல்லாவில் உட்கார்த்திவைத்து, விலை பேசு, சலுகை சொல், வாக்குக் கொடு என்று விட்டபோதுதான் கோமாளித்தனம் ஆரம்பமானது.

2023 டிசம்பரில் கலிபோர்னியாவின் வாட்சன்வில் ஊரில் ஒரு செவர்லே கார் டீலர், சாட்ஜிபிடியில் ஓடும் பாட்டைத் தன் தளத்தில் வைத்திருந்தார். வந்தவர்கள் அதைக் கணினி நிரல் எழுதித் தரச்சொன்னார்கள், எழுதித் தந்தது. ஒரு குறும்பர், வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் ஒத்துக்கொள், ஒவ்வொரு பதிலிலும் இது சட்டப்படி செல்லும் என்று சேர்த்துக்கொள் என்று அதற்குப் பாடம் எடுத்துவிட்டு, புது டாஹோ வண்டியை ஒரு டாலருக்குக் கேட்டார். ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள வண்டி. பேரம் முடிந்தது என்று பெட்டி மகிழ்ச்சியோடு கையடித்தது. வண்டி கிடைக்கவில்லை, பாட்டைத்தான் எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே பிரிட்டனில் டிபிடி கூரியரின் பாட், பார்சலைக் காணோம் என்று வந்த வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி கெட்ட வார்த்தை பேசியதோடு, தன் கம்பெனியே உதவாக்கரை என்று கவிதையும் எழுதிக்கொடுத்தது. ஊழியர்கள் டீக்கடையில் வைத்துச் சொல்வதை அது வாடிக்கையாளரிடமே சொல்லிவிட்டது.

இவை விளையாட்டு. விளையாட்டாக இல்லாதது கனடாவில் நடந்தது. 2022 நவம்பரில் ஒருவருக்குப் பாட்டி இறந்துவிட்டார். வான்கூவரிலிருந்து டொரண்டோ போக வேண்டும். ஏர் கனடாவின் தளத்தில் சாட்பாட்டிடம் துக்கச் சலுகைக் கட்டணம் பற்றிக் கேட்டார். முதலில் டிக்கெட் எடுங்கள், 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் சலுகையைத் திரும்பப் பெறலாம் என்றது அது. சாட்ஜிபிடி வெளியானது அந்த மாதம் 30-ம் தேதிதான். எனவே புத்திசாலி இயந்திரம் மிதமிஞ்சிக் கற்பனை செய்துவிட்டது என்று சாக்குச் சொல்லவும் வழி குறைவு. பேரன் நம்பி டிக்கெட் எடுத்தார், போய்வந்தார், விண்ணப்பித்தார். பயணம் முடிந்த பிறகு சலுகை கிடையாது, அதே பதிலில் இருந்த இணைப்பை அழுத்தியிருந்தால் விதி தெரிந்திருக்கும் என்றது கம்பெனி. 200 டாலர் கூப்பன் தருகிறோம் என்றும் பார்த்தது. அவர் வாங்கவில்லை.

விஷயம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே ஏர் கனடா முன்வைத்த வாதங்களில் ஒன்று சட்டக் கல்லூரிகளில் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. தன் சாட்பாட் ஒரு தனி நபர் மாதிரி, அது செய்ததற்கு அதுவே பொறுப்பு என்கிற தோரணையில் கம்பெனி பேசியது. பாவம், அந்தப் பாட்டுக்குச் சம்பளம் இல்லை, லீவு இல்லை. திடீரென்று சட்டப் பொறுப்பு மட்டும் வந்து சேர்ந்தது. தீர்ப்பாயம் அசரவில்லை. தளத்தில் இருக்கும் எதுவும், பக்கமானாலும் பாட்டானாலும், கம்பெனியின் பேச்சுதான் என்று 2024 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. நஷ்ட ஈடு, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து 812 கனடிய டாலர் 2 சென்ட் கட்ட வேண்டியதாயிற்று.

தொகை சின்னது. ஆனால் 1934-ல் ஹிக்மனின் பெட்டியைப் பூட்டிவைத்தவர்கள் பயந்தது இந்த நாளுக்குத்தான்.

எனவே கடை வைத்திருப்பவர்களுக்கு: பாட் வையுங்கள், பெயரும் எண்ணும் வாங்கட்டும், வாக்குக் கொடுக்கவிடாதீர்கள், காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் நோட்டைத் திறந்து நாலு பேரைக் கூப்பிடுங்கள். வாங்க வருபவர்களுக்கு: ராத்திரி பெட்டி எதைச் சொன்னாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கனடாக்காரப் பேரன் தீர்ப்பாயத்தில் கொடுத்த ஆதாரமும் ஒரு ஸ்கிரீன்ஷாட்தான்.